புரண்ட கை

மலேசியாவில் தைப்பிங்கில், ஏரிக்குப் போகிற பெரிய சாலையில் இல்லாமல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், ஐந்து மாடியும் லிஃப்ட் இல்லாத படிகளுமாக நிற்கிற ஒரு பழைய ஃபிளாட்டில், சியூ லான் வீட்டுக்கு வர வேண்டிய ஆட்களெல்லாம் ஐந்து மாதம் பவளத்தின் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார்கள் என்பதை அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்த வருடம் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால், சீட்டில் ஜெயித்தாள், அதனால் வந்தார்கள், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நம்மையே ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பவளத்துக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. கையுறைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம், ரப்பர் கையுறைக்குள் காற்றடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. லட்சக்கணக்கான கைகள் அவள் கண்ணெதிரே விரிந்து எழுந்து நின்று, பிறகு காற்றுப்போய்த் தொங்கின, ஆனால் நிஜமான கை ஒன்று வந்து அவள் கதவைத் தட்டியதில்லை. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று விசாரிக்கக்கூட ஆள் வரவில்லை. நாலாம் மாடியில் பதினொன்றாம் நம்பர் வீட்டில் தனியாக இருந்தாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து சியூ லான் மட்டும் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பால் விடாத தே ஓ ஒரு குவளை குடித்துவிட்டு, அன்றைக்கு மார்க்கெட்டில் மீன் விற்ற விலையைத் திட்டிவிட்டுப் போவாள்.

சியூ லான் தோட்டத்து மளிகைக்கடைக்காரர் மகள். ரப்பர் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்ததால் அவள் தமிழில் தோட்டத்து வசவுகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. புருஷன் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகன் வெய் மிங் அந்தக் காரியத்தின்போதே அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியா போனவன், அப்புறம் குரலும் இல்லை முகமும் இல்லை. ஆனாலும் அவள் வீட்டில் ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. உதவித்தொகை ஃபாரம், பள்ளிக்கூட ஃபாரம், ஐ.சி. அடையாள அட்டை தொலைந்த ஃபாரம் என்று அரசாங்கம் அச்சடிக்கிற எல்லாவற்றையும் நிரப்பத் தெரிந்தவள் அந்த ஃபிளாட்டில் அவள் ஒருத்திதான். ஃபாரத்தோடு வந்தவர்கள் சூப் குடித்தார்கள், சூப் குடித்தவர்கள் கதை சொன்னார்கள், கதையைக் கேட்க மற்றவர்கள் வந்தார்கள், எல்லாருக்கும் பின்னால் பூனைகள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மூன்றாம் மாடியில் ரோஸ்லின் வீட்டில் சீட்டு. ரோஸ்லின் துணி தைக்கிறவள். அவள், பவளம், சியூ லான், ஓய்வுபெற்ற லாரி டிரைவர் சன்னாசி, இந்த நாலு பேர்தான். ஆட்டத்துக்குப் பதிமூணு என்று பெயர், சியூ லான் கொண்டுவந்த சீன ஆட்டம். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. அதை மூன்று வரிசையாகப் பிரித்துக் கவிழ்த்து வைக்க வேண்டும், தலையில் மூன்று, நடுவில் ஐந்து, அடியில் ஐந்து. அடிவரிசை எல்லாவற்றையும்விடப் பெரியதாக இருக்க வேண்டும், நடு அதைவிடச் சின்னது, தலை எல்லாவற்றிலும் சின்னது. எதிராளியின் வரிசையோடு ஒப்பிட்டு மூன்றில் இரண்டு ஜெயித்தவர் எதிராளி வைத்த பந்தயத்தை எடுத்துக்கொள்வார். தப்பித் தவறி நடு அடியைவிடப் பெரிதாகிவிட்டால் அது புரண்ட கை. எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் மொத்தமும் தோல்வி.

இந்த ஆட்டத்துக்கு வீட்டுக்கு வீடு சட்டம் மாறும். ரோஸ்லின் வீட்டுச் சட்டப்படி காசு வைக்கக் கூடாது, தன் மேசையில் காசு பட்டால் ஊசி உடையும் என்பாள். வேறு எதை வேண்டுமானாலும் வாய்விட்டுச் சொல்லி வைக்கலாம். துணிக்கொடியில் ஒரு நாள், மோட்டார் நிறுத்துகிற நிழல், மூன்று மாதத்துக்குப் படி கழுவுகிற முறை என்று இப்படித்தான் வைத்தார்கள். சீட்டுப் பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகலாம், பாதிப் பந்தயம் போகும். அப்புறம் அந்த மேசை. தையல் மெஷினின் மடக்குப் பலகைதான் மேசை என்பதால் நாலு பேர் சீட்டையும் முழுக்க விரிக்க இடமில்லை; அதனால் ஒவ்வொரு வரிசையாகத் திறந்து, பார்த்து, உடனே பிஸ்கட் டின்னுக்குள் போட்டுக் கலக்கிவிடுவார்கள். அடிவரிசை திறக்கிறபோது நடுவரிசை டின்னுக்குள் போயிருக்கும், யார் ஜெயித்தது என்பதைத் தவிர டின்னுக்குள் போன சீட்டை யாரும் நினைவு வைத்து ஒப்பிடுவதில்லை. ஒருவரின் கை புரண்டிருந்தால் அது அவருக்கு மட்டும்தான் தெரியும், அவர்தான் ஜெயித்தவரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்ல நாள் கணக்கும் இல்லை. ஒருமுறை சன்னாசி இரண்டு வாரம் கழித்துத் தூக்கம் வராமல் எழுந்து வந்து, தன் கை புரண்ட கை என்று சொல்லி, ஜெயித்த துணிக்கொடியைத் திருப்பிக் கொடுத்து, தான் வைத்திருந்த பந்தயத்தையும் இழந்தார்.

அந்த ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. சியூ லான் தாமதமாக வந்தாள், காலையிலிருந்து பதினாலு பேர் வந்துவிட்டுப் போனார்களாம், கடைசி ஆள் பல் கட்டுகிற ஃபாரத்தோடு பல்லையும் கொண்டுவந்தானாம்.

"நான் இன்னிக்கு என்னா வெக்கிறேன் தெரியுமா?" என்றாள் சியூ லான், சீட்டை விரித்துப் பார்த்துக்கொண்டே. "என் வீட்டுக்கு வர்ற ஆளுங்க எல்லாரையும் வெக்கிறேன் லா. ஜெயிக்கிறவங்க அப்படியே ஓட்டிக்கிட்டுப் போங்க."

சன்னாசியும் ரோஸ்லினும் சிரித்தார்கள், தங்களுக்கு வந்த சீட்டு சரியில்லை என்று கவிழ்த்துவிட்டு விலகினார்கள். மிச்சம் பவளம்.

"எங்கிட்ட வெக்க என்னா இருக்கு?" என்றாள் பவளம். "என் வீட்டுக்கு வர்ற ஒரே ஆளு நீதான். அதை வெக்கிறேன், போ."

தலைவரிசையைத் திறந்தார்கள். பவளத்திடம் ஜோடி குயின், சியூ லானிடம் ஜோடியே இல்லை, பவளம் ஜெயித்தாள். நடுவரிசையைத் திறந்தார்கள். சியூ லான் வைத்திருந்தது எட்டிலிருந்து குயின் வரை வரிசை. பவளம் தன்னுடையதைத் திருப்பினாள்; ஐந்தும் சிவப்பு ஹார்ட், ஒரே ஜாதி. ஒரே ஜாதி ஐந்து வந்தால் வரிசை ஐந்தைவிடப் பெரிது. அந்த ஐந்தை அவள் அடியில் வைக்க நினைத்திருந்தாள். சிரிப்பில் கை மாறி நடுவில் வைத்துவிட்டாள். அடியில் இருந்தது ஐந்திலிருந்து ஒன்பது வரை வெறும் வரிசை. நடு பெரிது, அடி சின்னது. கை புரண்டுவிட்டது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை. ரோஸ்லின் ஐந்து ஹார்ட்டையும் வழித்து டின்னுக்குள் போட்டாள். அடிவரிசை திறந்தது, அதில் சியூ லான் ஜெயித்தாள், ஆனால் மூன்றுக்கு இரண்டு பவளத்தினுடையது. "ஓட்டிக்கிட்டுப் போ, ஓட்டிக்கிட்டுப் போ!" என்று சியூ லான் கைகொட்டிச் சிரித்தாள், பவளமும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அந்தச் சிரிப்புக்குள் அந்த இரண்டு வார்த்தையும் போய் உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கேஸ்காரன் தோளில் சிலிண்டரோடு நாலு மாடி ஏறி வந்து பவளத்தின் கதவைத் தட்டினான். சியூ லான் சொல்லியனுப்பிய சிலிண்டர். "பக்கத்து வீடுப்பா" என்றாள் பவளம். அவன் பக்கத்து வீட்டைப் பார்த்தான், பவளத்தைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். "தெரியும் அக்கா. கால் இங்கதான் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் கேட்டுக் குடித்து, தன் தங்கச்சி பிள்ளைபெற்ற கதையை முக்கால்மணி நேரம் சொல்லிவிட்டுத்தான் போனான். மறுநாள் காலையில் ஃபாரம்காரர்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் கோலாகங்சாரிலிருந்து சியூ லானின் நாத்தனார், உப்புப்போட்ட முட்டை பன்னிரண்டைக் கூடையில் வைத்துக்கொண்டு, நேராகப் பவளம் வீட்டுக்குள் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். வந்தவர்கள் யாரும் வழிதவறி வந்த ஆட்களாக இல்லை. பவளத்தைப் பார்க்கத்தான் வந்தோம் என்று மனதார நினைத்தார்கள், பன்னிரண்டாம் நம்பர் வாசலில் நின்ற சியூ லானுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். பூனைகளும் இடம்மாறின. பவளமே ஒருநாள் முட்டையில் பாதியைத் தூக்கிக்கொண்டு சியூ லான் வீட்டுக்குக் கிளம்பினாள். ஆறு அடி நடந்து கதவைத் தள்ளினால் தன் வீட்டுக் கூடத்தில் நின்றாள்.

ஃபிளாட் இதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. குடியிருப்போர் சங்கம் கீழ்த்தளத்துப் பலகையில் நாலு மொழியிலும் அறிவிப்பு ஒட்டியது, பன்னிரண்டாம் நம்பருக்குப் போகிறவர்கள் பதினொன்றுக்குப் போகவும், படியில் நின்று யோசித்து வழியை அடைக்க வேண்டாம். தபால்காரர் சியூ லானின் கடிதங்களையும் பவளத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். ஃபாரம் நிரப்பப் பவளத்துக்குத் தெரியாது என்பதால் நாலு மணிக்குச் சியூ லான் வழக்கம்போல வந்து, தன்னுடைய விருந்தாளிகளுக்கு நடுவே தானும் ஒரு விருந்தாளியாக ஓரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாருடைய ஃபாரத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். தாங்க்ஸ் என்றார்கள் அவளிடம். கதையைப் பவளத்திடம் சொன்னார்கள்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் மாடி விஜயகுமாரி தன் மாமியாரின் வருகையைப் பந்தயம் வைத்துத் தோற்கிறேன் என்று ரோஸ்லின் மேசைக்கு வந்து, முறையாகத் தோற்று, சந்தோஷமாகப் போனாள். வெள்ளிக்கிழமை மாமியார் பெட்டியோடு அவள் வீட்டிலேயே வந்து இறங்கினார். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர் தன் முதுகுவலியை வைத்தார், கொசுவை வைத்தார், ஒன்றும் நகரவில்லை. அப்போதுதான் சன்னாசி யோசித்துச் சொன்னார், ஃபிளாட் முழுக்க அதை ஏற்றுக்கொண்டது:

"இவனுங்க எல்லாம் தோக்கணும்னே வந்து ஒக்காருறானுங்க. அன்னிக்கு நடந்தது சுத்தமான ஆட்டம். பவளம் கையில ஒரு சூது கிடையாது, அதனாலதான் பலிச்சிருச்சி."

ரோஸ்லின் இதைத் தன் கோயில் சாமியாரிடம் சொன்னாள், அவர் ஞாயிறு பிரசங்கத்தில் நேர்மையைப் பற்றிப் பேசும்போது பேர் சொல்லாமல் சேர்த்துக்கொண்டார். காய்கறிக்காரன் பவளத்துக்கு மட்டும் நிறுக்காமல் அள்ளிப் போட்டான். படியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பவளம் தலையைக் குனிந்துகொண்டே போனாள், அடக்கமான பெண் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கத் தோன்றும். சொன்னால் புரண்ட கை, மொத்தமும் தோல்வி. அவள் வைத்த பந்தயம் போய்விடும். வைத்தது சியூ லானின் வருகை. நாலு மணி, ஈரக்கை, மீன் விலை, இருபத்திரண்டு வருடமாக அந்த வாசலைத் தாண்டி வந்த ஒரே காலடி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இப்போது கேஸ்காரனின் காலைப் பார்த்தபிறகு சிரிக்க முடியாது. சொல்லிவிட்டால் அந்தக் கால் வராது. இது ஒரு காரணம், இதைத்தான் அவள் தனக்குத் தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை அவள் சொல்லிக்கொள்ளவில்லை. அவளுக்குப் பிடித்திருந்தது. தீபாவளிக்கு அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். முதல்முறையாக முறுக்கு பிழிந்து கை வலித்தது, குவளை பற்றாமல் ரோஸ்லினிடம் இரவல் வாங்கினாள், நாற்காலி பற்றாமல் ஆட்கள் கட்டிலில் உட்கார்ந்தார்கள், யாரோ ஒரு கைக்குழந்தை அவள் தலையணையில் மூத்திரம் பெய்தது, அதை மாற்றாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது; இரண்டில் சந்தோஷம்தான் அவளை அதிகம் கூசவைத்தது.

சியூ லானுக்கு முதல் மாதம் நிஜமாகவே நிம்மதி. "மத்தியானம் தூங்குறேன் பவளம், இருபது வருஷத்துக்கு அப்புறம்!" என்றாள். இரண்டாம் மாதம் ரேடியோ வாங்கினாள். மூன்றாம் மாதம் ரேடியோவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அப்புறம் ஒருநாள் பவளம் சுவருக்கு இந்தப்பக்கமிருந்து கேட்டாள்: டொக், டொக். மார்க்கெட்டிலிருந்து வந்த சியூ லான் தன் வீட்டுக் கதவைத் தானே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, சாவி போட்டுத் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் தட்டினாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பவளம் தன் வீட்டு விருந்தாளிகளிடம் இன்னும் சத்தமாகப் பேசினாள்.

வாயால் சொல்லாமல் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று பார்த்தாள். "எல்லாரையும் நீயே எடுத்துக்க, நான் சும்மா குடுக்குறேன்" என்று தாழ்வாரத்தில் நின்று சொன்னாள், பூனைகூட அசையவில்லை. மறுபடி பந்தயம் வைக்கிறேன், நீ ஜெயித்துக்கொள் என்றாள். "தோத்தா தோத்ததுதான் லா, எனக்குப் பிச்சை வேணாம்" என்று சியூ லான் முறைத்தாள், ரொம்பக் கெஞ்சியபிறகு சம்மதித்தாள். மூன்று ஞாயிறு ஆடினார்கள். பவளம் எவ்வளவு மோசமாக அடுக்க முடியுமோ அவ்வளவு மோசமாக அடுக்கினாள், நல்ல ஜோடிகளைப் பிரித்தாள், பெரிய சீட்டுகளை வீணாக்கினாள்; புரட்டி மட்டும் வைக்கவில்லை, வைத்தால் அந்த வார்த்தையை வாயால் சொல்ல வேண்டும். மூன்று ஞாயிறும் அவளே ஜெயித்தாள். மூன்றாவது ஞாயிறு இரண்டிலிருந்து ஏஸ் வரை பதிமூன்றும் ஒவ்வொன்றாக வந்து நின்றது, அடுக்கவே வேண்டாம், பார்த்தாலே வெற்றி என்கிற சீட்டு. சன்னாசி எழுந்து நின்று கும்பிட்டார். பவளம் வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

சீனப் பெருநாள் வந்தது. பெருநாளுக்கு முந்தின நாள் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; சியூ லான் ஒன்பது வருடமாக அன்றைக்கு மகனுக்கும் சேர்த்துக் கிண்ணம் வைப்பாள், அவன் வராத கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் காட்டுவாள். இந்த வருடம் காட்ட ஆளில்லை. எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சூப்பில் வேகவைத்துச் சாப்பிடுகிற ஸ்டீம்போட்டுக்கு எலும்பு கொதிக்கிற வாசனை பகல் முழுக்கச் சுவரைத் தாண்டி வந்தது; அந்த வேலையில் சியூ லான் அன்றைக்கு நாலு மணிக்கு வரவில்லை. பவளத்தின் வீட்டில் பதினோரு பேர், நாத்தனார் குடும்பம், சிவப்புச் சட்டை போட்ட பிள்ளைகள். நாலரை மணிக்கு இன்னொரு தட்டல்.

வாசலில் வெய் மிங் நின்றான். காதோரம் நரைத்திருந்தது. ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் ஆரஞ்சுப் பழப் பை.

"பவளம் ஆண்டி, ஒங்களத்தான் பாக்க வந்தேன்" என்றான், மலாயும் ஃபிளாட்டில் கற்ற தமிழுமாக.

பவளம் பன்னிரண்டாம் நம்பர் பக்கம் கையைக் காட்டினாள். "அம்மா பக்கத்து வீட்லதான் இருக்காங்க. மொதல்ல அங்க போ தம்பி."

"போறேன் ஆண்டி. மொதல்ல இத ஒங்ககிட்ட சொல்லிடறேன், ஒன்பது வருஷமா இதத்தான் மனசுல சொல்லிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தடுக்கப் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள், முறுக்கு கொடுத்தாள், பெருநாள் கூட்டத்தைக் காட்டினாள். அவன் அவளைச் சமையற்கட்டுக்குக் கூட்டிப் போய், நின்றபடி, ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் அழுதான். அழுது முடித்ததும் அவன் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது, இன்னொரு முறுக்கு எடுத்துக் கடித்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு மணி ரயிலுக்குக் கிளம்பிடறேன் ஆண்டி."

"அம்மாவப் பாக்கலியா?"

"பாக்கணும்தான்" என்றான் வெய் மிங், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "எதுக்குப் பாக்கணும்னுதான் ஞாபகம் வரல."

அவன் பெட்டியைத் தேடிக் கூடத்துக்குப் போனான். சுவருக்கு அந்தப்பக்கம் டொக், டொக் என்று கேட்டது. சியூ லான் குப்பை போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். விருந்தாளிகள் வந்தார்கள், முட்டை வந்தது, பூனை வந்தது, எல்லாவற்றையும் பவளம் எடுத்து வைத்துக்கொண்டாள். இப்போது ஒரு தாய்க்கு அவள் மகன் சொல்ல வேண்டியதையும் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். இதற்குமேல் தன்னிடம் நல்ல காரணம் ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் வாசல்படியில் நின்றாள்.

"சியூ லான்!" என்று கத்தினாள். "சியூ லான், அது புரண்ட கை! அன்னிக்கு நான் ஜெயிச்சது புரண்ட கை!"

கதவு திறந்தது. சியூ லான் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள். "என்னா சொன்ன?"

"நடுவுல அஞ்சும் ஒரே ஜாதி, அடியில வெறும் வரிசை. எனக்கு அப்பவே தெரியும். சொல்லல."

கூடத்தில் முதலில் பூனைகள் எழுந்தன. பிறகு நாத்தனார் காலை மடக்கி எழுந்தாள், அவள் பிள்ளைகள் எழுந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, கையில் பிடித்த குவளையோடும் வாயில் வைத்த முறுக்கோடும், பவளத்தைத் தாண்டி, அவளை இடிக்காமல், தாழ்வாரத்தில் ஆறு அடி நடந்து பன்னிரண்டாம் நம்பருக்குள் போனார்கள். கடைசியில் வெய் மிங். அம்மாவின் முன்னால் நின்றான், தலையைக் குனிந்தான், வாயைத் திறந்தான்.

"அம்மா" என்றான். "ஒங்கிட்ட சொல்லணும்னு ஒண்ணு கொண்டு வந்தேன். சொல்லிட்ட மாதிரி இருக்கு. உள்ள தேடிப் பாக்குறேன், இல்ல."

சியூ லான் மகனின் முகத்தை ஈரக்கையால் ஒருமுறை தடவினாள். சீனத்தில் என்னவோ சொல்லி உள்ளே அனுப்பினாள். பிறகு கரண்டியை ஓங்கிக்கொண்டு பதினொன்றாம் நம்பரை நோக்கி வந்தாள்; வாசல்படிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டாள். காலைப் பார்த்தாள். இன்னொருமுறை எடுத்துவைக்கப் பார்த்தாள்.

"உள்ள வந்து ஒன்ன அடிக்கணும்னு வந்தேன்" என்றாள். "கால் வரல."

பவளம் படியைத் தாண்டி வெளியே இறங்கி, அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றாள். சியூ லான் அடிக்கவில்லை.

"அவன் ஒங்கிட்ட என்னா சொன்னான்? அப்படியே சொல்லு."

பவளம் சொன்னாள். அவன் நின்ற மாதிரியே நின்று, அவன் விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னாள். "அம்மா, அன்னிக்கு அப்பா உள் ரூம்ல நெஞ்சு வலின்னு கூப்டது எனக்குக் கேட்டுச்சி. ரெண்டு தடவை கேட்டுச்சி. வீடு நெறைய ஆளு இருக்காங்களே, யாராச்சும் போவாங்கன்னு நெனச்சி நான் எழுந்திரிக்கல. அப்புறம் எல்லார் முன்னாலயும், நீ கூட்டி வெச்ச ஆளுங்க சத்தத்துலதான் அப்பா செத்தாருன்னு ஒன்மேல பழியப் போட்டேன். நீ அத நம்பிட்ட. நீ நம்புனதப் பாத்துட்டு என்னால இங்க இருக்க முடியல. தப்பு என்னோடது அம்மா. ஒன்னோடது இல்ல."

சியூ லான் தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கரண்டியிலிருந்து சூப் சொட்டியது. படியில் ஏறிவந்த ரோஸ்லினும் சன்னாசியும் பாதிப்படியிலேயே நின்றார்கள். சியூ லான் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இது அவனோடது" என்றாள். "ஒன்னோடது எங்க?"

பவளம் ஐந்து மாதமாக எதை எப்படி மறைப்பது என்று மட்டும் யோசித்திருந்தாள்.

"எனக்கு ஆளுங்க வரணும்னு ஆசையா இருந்துச்சி" என்றாள். "நீ சிரிச்சிக்கிட்டு இருந்த, எனக்கு வாய் வரல. அப்புறம் சொன்னா நீ வரமாட்டியேன்னு பயம். நீ கதவத் தட்டுறது எனக்குத் தெனமும் கேட்டுச்சி சியூ லான். கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"நான்தான் வந்துக்கிட்டு இருந்தேனே" என்றாள் சியூ லான்.

அவ்வளவுதான் சொன்னாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து கிண்ணங்கள் எடுக்கிற சத்தமும், நாத்தனாரின் சிரிப்பும், எது எங்கே இருக்கிறது என்று கேட்கிற வெய் மிங்கின் குரலும் வந்தன. சியூ லான் திரும்பிப் பார்த்தாள், பிறகு பவளத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நீ சாப்பிட வராத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பவளம் தன் வீட்டுக்குள் வந்தாள். கூடத்தில் பாதி குடித்த குவளைகள் இருந்தன, கட்டில் விரிப்பு கசங்கியிருந்தது, பெட்டி இருந்த இடத்தில் ஓர் ஆரஞ்சு உருண்டு கிடந்தது. எல்லாவற்றையும் எடுத்துக் கழுவி வைத்தாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தினாலும் சாத்தாவிட்டாலும் இனி அந்த வழியாக வருவதற்கு ஆளில்லை.